நகஜோசியரும் சென்னியப்பன் முதுகும்

சங்ககிரி டிப்போவில் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திடீரென்று பக்திமான்கள் ஆன வருடம் ஒன்று உண்டு. தைப்பூசமும் இல்லை, பங்குனி உத்திரமும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு கோஷ்டி பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு வேலைக்கு வந்து நின்றது. முதலாளி பூரித்துப்போய் டிப்போவில் இருந்த முருகன் படத்துக்குப் பெரிய மாலையாக வாங்கிப் போட்டார். அப்புறம்தான் யாரோ அவர் காதில் விஷயத்தைப் போட்டார்கள். முடியை வெட்டி மருந்து பார்க்கிற சோதனை ஆரம்பித்த மாதத்திலிருந்துதான் இந்த பக்தி பெருக்கெடுத்திருந்தது.

லாரிக்கு ஒரு டிரைவர் என்ற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. இப்போது ஓடுவது தொடர்லாரி. முன்னால் போகும் தலை லாரியில் மட்டும் ஓர் ஆள் இருப்பான். பின்னால் பன்னிரண்டு லாரிகள் ஆளே இல்லாமல் வாத்துக்குஞ்சு மாதிரி அவன் போகும் வழியில் போகும், அவன் நின்றால் நிற்கும். தலைச்சீட்டுக்காரன் கண் அசந்தால் மொத்தக் குடும்பமும் பள்ளத்தில். ஒரு மலையிறக்கத்தில் அப்படியே நடந்தும் விட்டது. ஓட்டியவன் ஒரு சொட்டு குடிக்கவில்லை. இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டிருந்தான், அவ்வளவுதான். அபின் வகையைச் சேர்ந்த மாத்திரை அது. வலியோடு சேர்த்து ஆளையும் தூங்கவைத்துவிட்டது.

அன்றிலிருந்து டிரைவர்களின் வலி சர்க்காரின் தலைவலியாகிவிட்டது. முதலில் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரையை விழுங்கி ஒரு நாள் போனால் ரத்தம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முழித்தது. மூத்திரம் மூன்று நாலு நாள் வரைக்கும் காட்டிக்கொடுத்தது. ஐந்தாம் நாள் வந்து சோதனைக்கு நின்றால் அதுவும் கூட்டாளி. முடி மூன்று மாதத்துக் கதையைச் சொல்லும் என்றார்கள். அதற்குத்தான் பழனி. புருவத்தில் இருந்து எடுக்கலாமா என்று யோசித்தபோது, அதையும் மழித்துக்கொண்டு வந்த ஒருவனை அவன் பெண்டாட்டியே வீட்டுக்குள் விடவில்லை.

கடைசியில் வந்து இறங்கியதுதான் நகம் பார்க்கிற மெஷின். கால் கட்டைவிரல் நகம் ஒரு துண்டு போதும். வருடத்துக்கு மேற்பட்ட கதையைத் தேதி வாரியாகச் சொல்லிவிடும். மாத்திரை போட்ட நாளில் ஒரு சிவப்புக் கோடு, போடாத நாள் வெள்ளை. டிப்போவில் அதற்கு நகஜோசியர் என்று பெயர் வைத்தார்கள். ரோட்டைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று தலைச்சீட்டுக்காரர்களின் நகப்படத்தை ஊர் பார்க்கும்படி செயலியில் போடவும் சட்டம் வந்தது. அப்புறம் என்ன, கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு நகத்தையும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் சர்க்கார் பணிந்தது. வெட்டிய நகத்தை வேற்றாள் கையில் கொடுத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று சங்கமே கொடி பிடித்தது. செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டவும் முடியாது என்றது. அதனால், அவரவர் வீட்டில் அவரவர் கையால் வெட்டி, பொட்டலம் கட்டிக் கொண்டுவரலாம், பார்த்து முடித்ததும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று முடிவாயிற்று.

இரவல் கேட்கலாம் என்றால், செய்வினைக்குப் பயந்து பெண்டாட்டிகூடத் தன் நகத்தைக் கொடுக்க மாட்டாள். டிப்போவில் இருந்த அத்தனை பேரும் நகத்தில் கோடு இருக்குமே என்று நடுங்கினார்கள். சென்னியப்பன் ஒருவன்தான் கோடு இருக்காதே என்று நடுங்கினான்.

அவனுக்கு இருந்தது ஒரே அக்கா, கோபியில் வாழ்க்கைப்பட்ட கோகிலவாணி. மாமா மஸ்கட்டில் வேலை. போன ஆவணியில் அக்கா மகள் மகிழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். சென்னியப்பன் போகவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடமாக அவனுக்கும் பூங்கோதைக்கும் குழந்தை இல்லை. மடியில் பிள்ளையோடு மேடையில் உட்கார்ந்தால், வருகிற ஒவ்வொரு உறவும் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே "உங்களுக்கு எப்பங்க விசேஷம்?" என்று கேட்கும். அதற்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் கேட்டதற்கே பூங்கோதை சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். இதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. முதுகுவலி என்று சொல்ல வந்தது.

சொன்னதைச் சும்மா சொல்லவில்லை. டாக்டரிடம் போய் முனகி, பெரிய மாத்திரையாகவே எழுதி வாங்கினான். காதுகுத்து அன்று காலையில் அக்கா வீடியோவில் கூப்பிட்டபோது பூங்கோதை முதுகுக்கு வெந்நீர்ப் பை பிடித்தாள். "மாத்தர போட்டும் கேக்கலீங்க அண்ணி" என்று குரலைத் தழுதழுக்க வைத்தாள். ஃபோனை வைத்ததும் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் தக்காளி சோறு சாப்பிட்டார்கள். ஆனால் ஒரு வலியைப் பெற்றுவிட்டால் அதை வளர்த்தாக வேண்டுமே. அதிலிருந்து அக்கா எப்போது கூப்பிட்டாலும் சென்னியப்பன் "அய்யோ, அம்மா" என்று ஆரம்பித்துவிட்டுத்தான் ஹலோ சொன்னான்.

சித்திரையில் அவன் நகத்துக்கு முறை வந்தது. அக்கா கூப்பிட்டாள்.

"சென்னி, உனக்கு எப்படா தேதி?"

"அம்மா... வர்ற வெள்ளிக்கெழமங்க்கா."

"நல்லதாப் போச்சு. மாரியம்மன் பண்டிகைக்கு வந்த மாதிரியும் இருக்கும். நா புதங்கெழமையே வந்தர்றேன்."

"நகம் பாக்கறதுக்கெல்லாம் நீ எதுக்குக்கா அலையற?"

"எதுக்கா? என்ற நாத்தனாக்க ரெண்டு பேரும் அன்னைக்குப் பேசுன பேச்ச நீ கேக்கல. தாய்மாமன் மடி இல்லாம காது குத்துன புள்ள இந்த ஊரு வளசல்லயே உம்புள்ளதான்னாளுக. வலியுமில்ல ஒண்ணுமில்ல, நடிப்புன்னாளுக. எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்னு சபையில எம்புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கறேன். உன்ற நகம் வரட்டும். அந்தத் தேதியில இருக்கற கோட்டப் பெருசு பண்ணி அவளுக மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்."

சென்னியப்பனுக்கு முதல் தடவையாக முதுகு உண்மையிலேயே வலிக்கிற மாதிரி இருந்தது.

மறுநாளே சோதனை நிலையத்துக்கு ஓடினான். நகஜோசியரை இயக்குகிற பெண் பர்வீன், ஈரோட்டுக்காரி, எதையும் மறைக்காமல் சிரிக்கிற சுபாவம். அவன் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"அண்ணா, கோட்ட அழிச்சுக் குடுன்னு ஊரே வந்து நிக்குது. கோடு போட்டுக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"ஒரே ஒரு கோடு அம்மணி. ஆவணி மாசத்துல. மாத்தரச் சீட்டுக்கூட இருக்குது. அன்னைக்கு நான் வண்டியும் எடுக்கல, அதனால யாருக்கும் கெடுதல் இல்ல."

"சீட்டு இருக்கும்ணா. மாத்தர வயித்துக்குள்ள போயிருக்கணுமே. நகம் எப்பிடி வளருதுன்னு நெனைக்கறீங்க? சதை மேல நகந்து நகந்து முன்னால வரும்போது அடியில தெனமும் ஒரு படை ஒட்டிக்கிட்டே வரும். பரோட்டா மாதிரி அடுக்கு. அன்னன்னைக்கு ரத்தத்துல என்ன ஓடுச்சோ அது அந்தந்த அடுக்குல மாட்டிக்கும். அத அடுக்கு அடுக்காப் பிரிச்சுப் பாக்கறதுதான் இந்த மெஷின்."

"அப்ப இப்பவே ஒரு மாத்தர போட்டுக்கறேன்."

"இன்னைக்குத் தேதியில கோடு விழும். போன ஆவணியில எப்பிடிங்ணா விழும்?"

சென்னியப்பன் யோசித்தான். "கசகசாப் பாயசம் குடிச்சாலே இந்த மாதிரிக் காட்டும்ங்கறாங்களே?"

"அதையும் அன்னைக்கே குடிச்சிருக்கணும். அப்பறம், இது பாயசம், இது மாத்தரைன்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு இதுக்கு நாக்கு இருக்குது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அக்காகிட்ட உண்மையச் சொல்லிருங்ணா. வெள்ளை நகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கறத விட அது தேவல."

சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனான். புதன்கிழமை அக்கா மகிழினியோடு வந்து இறங்கியபோது சொல்லவில்லை. பிரயாணக் களைப்பு. சாப்பிடும்போது சொல்லவில்லை. சோற்றில் கை வைத்திருப்பவளிடம் எப்படி? அக்கா உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டாள். உட்காரச் சொன்னதற்கு, பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த அலுப்பு என்றாள். உண்மையைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே சென்னியப்பன் புதன்கிழமையைக் கழித்துவிட்டான்.

மறுநாள் வெள்ளியில் வெட்டக்கூடாது என்பதால் வியாழன் காலையில் நகவெட்டி வெளியே வந்தது. சென்னியப்பன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டி, தேதிக் காலண்டரில் கிழித்த தாளில் மடித்து, சுவர் மாடத்தில் வைத்தான். நகவெட்டி கையில் கிடைத்த சாக்கில் அக்காவும் வெட்டிக்கொண்டாள். நகம் வீட்டுக்குள் சிதறினால் தரித்திரம் என்று அவளும் ஒரு காலண்டர் தாளில் மடித்து, அப்புறம் வேலிக்கு வெளியே எறியலாம் என்று அதே மாடத்தில் வைத்தாள். அதற்குள் பூங்கோதை பலகாரத்துக்குக் கூப்பிட்டாள், போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன் வெட்டப் போகிற கிடா மாதிரி நடந்துபோய் மாடத்தில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நிலையத்தில் பர்வீன் துண்டை மெஷினில் வைத்தாள். திரையில் மாதங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஆனி, ஆடி, வெள்ளை. ஆவணி வந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணா" என்றாள் பர்வீன். "கோடு இருக்குதுங்ணா."

கண்ணைத் திறந்தான். காதுகுத்து நாளில், தடியாக, சிவப்பாக, கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி ஒரு கோடு. சென்னியப்பன் எழுந்தே விட்டான். மாரியம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டான். அம்மன் தன்மேல் இரங்கி, பொய்யை உண்மையாக்கிவிட்டாள் என்று ஒரு நிமிடம் முழுசாக நம்பினான். அக்கா படத்தைப் பெரிதாக்கி நாத்தனார்கள் முகத்தில் நீட்டுவது கண்முன் வந்தது.

திரை நகர்ந்துகொண்டே இருந்தது. புரட்டாசியில் இரண்டு நாளைக்கு ஒரு கோடு. ஐப்பசியில் அநேகமாக நாளுக்கு ஒன்று. கார்த்திகைக்கு அப்புறம் வெள்ளையே தெரியவில்லை, திரை முழுக்கச் சிவந்து கிடந்தது. கும்பிட்ட கை மெதுவாகக் கீழே இறங்கியது.

பர்வீன் இப்போது சிரிக்கவில்லை. "நீங்க இதெல்லாம் போட்டுட்டா வண்டி ஓட்டுனீங்க?"

"நானா..."

"தலைச்சீட்ட நிறுத்தித்தான் ஆகணும், எனக்கு வேற வழியில்லீங்ணா. ஆனா அத விடுங்க. இது முதுகுப் புடிப்புக்குத் திங்கற அளவு இல்ல. நரம்புலயோ எலும்புலயோ ஏதோ ஒண்ணு வளந்துட்டே வந்திருக்கோணும். பாருங்க, வலி மாசா மாசம் ஏறுது." அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது. "தீபாவளிய ஒட்டி ஒரு வாரம் மட்டும் சுத்த வெள்ளை. மாத்தரையே இல்லாம அந்த ஒரு வாரத்த எப்பிடித் தாங்குனீங்க?"

இது என் நகமே இல்லை என்று கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். தீபாவளி வாரம். அக்கா மகிழினியோடு அவன் வீட்டில்தான் இருந்தாள். பையை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று வந்த அன்றே சொன்னாள். மாத்திரை அந்தப் பையில்தான் இருந்திருக்கும். அடுப்படியில் நின்று முறுக்கு சுட்டாள். தம்பிக்கு முதுகு வலிக்குதே என்று தினமும் சாயங்காலம் தைலத்தைச் சூடு பண்ணி, அவனைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டாள். அவனும் வாய் கூசாமல் "அங்கதாங்க்கா, இன்னும் கொஞ்சம்" என்று முனகிக்கொண்டு கிடந்தான். சுவரில் சாய்ந்து சோறு தின்றவளைப் பார்த்தும் தனக்கு ஒன்றும் உறைக்கவில்லையே என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அண்ணா? இது உங்க நகந்தானுங்களே?"

பொய் சொல்ல ஒரு நாளும் யோசிக்காத சென்னியப்பன் அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தான். இல்லை என்றால், பின் யாருடையது என்பாள். அக்கா இத்தனை மாதம் மூடி வைத்ததை ஊர் முழுக்கத் திறந்துவிடுவது அவளாகச் செய்யவேண்டிய வேலை. தலைச்சீட்டு போனால் போகட்டும்.

"என்ற நகந்தான்" என்றான்.

அவன் வீட்டுக்கு வருவதற்குள் படம் செயலியில் ஏறிவிட்டது. கோகிலவாணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூங்கோதை பேயறைந்த மாதிரி நின்றாள். அக்கா தலையைத் தூக்கவில்லை.

"பொட்டலம் மாறிப் போச்சு."

"ஆமாங்க்கா."

"மாறுனது அங்கயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா உன்னுதுன்னு சொன்ன? தலைச்சீட்டு போச்சேடா, கூறுகெட்டவனே."

அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் படத்தை மேலே தள்ளி ஆவணிக்குப் போனாள். அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "இது எனக்கு மொத மொதல்ல வலி வந்து மாத்தர போட்டுக்கிட்டு மேடையில நின்ன நாளு. உன்ற நகத்துல இதே நாளு என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க்கா."

"அப்பறம்?"

"எப்பவுமே ஒண்ணும் இருக்காது. வலியே இல்ல."

பூங்கோதை அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்தால் வருகிறவர்கள் கேட்கும் கேள்வியை, கல்யாண வீட்டில் இலையை விட்டு எழுந்து வந்ததை, வெந்நீர்ப் பையை, தக்காளி சோறு உள்பட. கோகிலவாணி முழுசாகக் கேட்டாள்.

"அத என்கிட்டச் சொல்லியிருந்தா, கேக்கறவ வாயில லட்டை வெச்சு அடைச்சிருப்பேன் கண்ணு" என்று பூங்கோதையிடம் சொன்னாள். அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள்.

"கார்த்திகையிலயே டாக்டரு சொல்லிட்டாரு. தண்டுவடத்துக்குப் பக்கத்துல கட்டி. கெட்ட கட்டி இல்ல, எடுத்துட்டாச் சரியாப் போயிரும், ஆனா ஆபரேசனுக்குக் கூட நிக்க ஒரு ஆம்பளையாள் வேணும்னாரு. மாமாவுக்கு லீவு இல்ல. உன்னயக் கூப்படலாம்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டே ஃபோனப் போட்டேன். நீ அய்யோ அம்மான்னுட்டே எடுத்த."

சென்னியப்பனுக்கு அந்த ஃபோன் ஞாபகம் இருந்தது. கேரம் விளையாடிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கே முதுகு ஒடியுது, இதுல நான் வேறயான்னு நெனச்சேன். சும்மாதான் கூப்பட்டேன்னு சொல்லி வெச்சுட்டேன். உனக்குச் சரியாகட்டும்னுதாண்டா இத்தன மாசமாத் தள்ளிப்போட்டேன்."

சென்னியப்பன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். திட்டுவாள், உதைப்பாள் என்று பார்த்தான். அவள் காலை இழுத்துக்கொண்டு, "மொதல்ல போயி உன்ற நகத்தக் குடுத்துச் சீட்ட வாங்கு. பொட்டலம் மாடத்துலதான் கெடக்கும். என்ற பேரு வந்தா வரட்டும், மறைச்சு என்ன கண்டேன்" என்றாள்.

சரியான பொட்டலம் போய்ச் சேர்ந்தது. சென்னியப்பன் நகம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பால் மாதிரி வெள்ளை. பர்வீன் அதைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவனை ஒரு பார்வை பார்த்தாள். கோபியில் நாத்தனார்கள் இரண்டு பேரும் ஆவணி மாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஆசை தீர மகிழ்ந்தார்கள். கோகிலவாணி அவர்களைத் தானாகவே கூப்பிட்டாள். "எந்தம்பி பொய்தான் சொன்னான், நான் பண்ணுனது தப்புச் சத்தியந்தான், அத நான் பாத்துக்கறேன், நீங்க போய் வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அப்புறம் மூன்று பேருமாகக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார்கள். மகிழினி பூங்கோதை மடியில் உட்கார்ந்து வந்தாள்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் சென்னியப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவுக்கு இளநீர் ஊட்டிக்கொண்டிருந்தபோது டிப்போ மேனேஜர் சோமசுந்தரம் கூப்பிட்டார். குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"சென்னி, சந்தோசமான சமாச்சாரம். சுத்துவட்டாரத்துலயே ஒரு கோடுகூட இல்லாத நகம் உன்னோடதுதானாமா. ஞாயித்துக்கெழம டிப்போல விழா. முதலாளி பொன்னாடை போத்தறாரு. கட்டாயம் வந்தரோணும்."

"வர முடியாதுங்க சார்."

"ஏன்?"

"எங்கக்காளுக்கு முதுகுல ஆபரேசனுங்க. கூட நான்தான் இருக்கறேன்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "ஏம்ப்பா, உன்ற முதுகுதான் இப்ப செல்லாதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அதுக்காக அக்கா முதுகா? வர இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லேன்!"

சென்னியப்பன் சத்தியமுங்க சார் என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பாதியில் நிறுத்தினான். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. தையல் போட்ட இடம் இழுத்தது. ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தம்பி சட்டையைப் பிடித்தாள்.

"சிரிக்க வெக்காதடா" என்றாள். "வலிக்குது."

வலிக்கிறபோதே வலிக்குது என்று அவள் அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சென்னியப்பன் மேனேஜரை அப்படியே விட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினான்.